நாலு குழிப் பாய்

பாய்க்கு எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் இரண்டே உபயோகம்தான். ராத்திரி படுக்க, மத்தியானம் படுக்க. அதை மரத்தில் கட்டி உலகத்தையே சுற்றி வரலாம் என்பது, 2025 மே மாதக் கடைசியில் பேப்பர் பார்த்தபோதுதான் என் மண்டையில் ஏறியது.

புதுச்சேரிப் பெண் ரூபா அழகிரிசாமி, கோழிக்கோட்டுப் பெண் தில்னா. இரண்டு பேரும் கடற்படை லெஃப்டினென்ட் கமாண்டர்கள். 'தாரிணி' என்கிற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் கிளம்பி, நடுவே நாலு துறைமுகத்தில் மட்டும் நின்று, காற்றை நம்பியே எட்டு மாசத்தில் திரும்பிவிட்டார்கள். படகு நீளம் 17 மீட்டர். பாய்மரம் 25 மீட்டர். நானோ பி.காம்.! வரவைவிடச் செலவு அதிகம் என்பதுபோல் உறுத்தியது.

என் மச்சினன் கப்பலில் வேலை பார்க்கிறவன். லீவில் வந்திருந்தான். கேட்டதும், ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம் மரம் ஒன்றும் முக்கோணம் இரண்டும் போட்டான்.

"நாலே எழுத்துதான் அத்தான். பி... பெரிய பாய் மரத்தை ஒட்டி ஏறுற உயரம். இ... அதோட அடிப்பக்கம், பின்னால நீட்டிட்டிருக்கிற கட்டை மேல. ஐ... முன்பக்க முக்கோணத்தோட உயரம். ஜே... மரத்துக்கும், முன்னால இழுத்துக் கட்டின கம்பிக்கும் நடுவுல தளத்துல இருக்கிற தூரம். பாய் தைக்கிறவர் முதல்ல கேக்கிறது இதைத்தான்."

"அப்புறம்?"

"அடியை உயரத்தால பெருக்கி, பாதி."

அட, எங்கள் வாய்க்கால் மூலை வயலை அளக்கிற கணக்காச்சே! உத்தேசமாக 35 அடிப் படகு என்று வைத்துக்கொண்டோம். பி 40, இ 13 அடி என்றால் 260 சதுர அடி. ஐ 45, ஜே 14 என்றால் 315. ஆக 575. குழிக்கு 144 சதுர அடி என்று வகுத்தால், நாலு குழி! ஒரு மாவுக்கு நாற்றங்கால் விடக்கூடக் காணாது. அதைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டுகிறார்கள்.

"இன்னும் பெரிசாத் தைச்சா வேகமாப் போகாதா?"

மச்சினன் சிரித்தான். "காத்து ரெண்டு மடங்கானா, பாயைத் தள்ளுற பலம் நாலு மடங்கு அத்தான். அதைத் தாங்கப் படகுக்கு அடியில கனம் வேணும். தாரிணியில ஆறு பாய். புயலுக்குன்னு சின்னது ஒண்ணும் உண்டு. பெரிய பாயைச் சுருக்கணுமோன்னு முதல் தடவை தோணுறப்பவே சுருக்கிடணும். அப்புறம்னா லேட்டு."

எனக்குச் சுருக்கென்றது.

காரணம், முந்தின வருஷத்துச் சம்பா. களத்தில் நெல்லைக் குவித்துவிட்டு, "ரெண்டு சின்னத் தார்ப்பாயா வாங்கிட்டு வாடா" என்றார் அப்பா. நான் சதுர அடிக்கு என்ன விலை என்று கணக்குப் பார்த்து, மலிவாக ஒரே பெரிசாக வாங்கி வந்தேன். நாலு மூலைக்கு நாலு செங்கல். கயிறு? அது வீண் செலவு!

ராத்திரி காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. தார்ப்பாய் புடைத்து எழும்பி, முனையைப் பிடித்த என்னையும் வரப்பு வரை இழுத்துக்கொண்டு போனது. என் வாழ்க்கையில் நான் செய்த ஒரே பாய்மரப் பயணம் அதுதான்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. நனைந்த நெல்லை ரோட்டில் கொட்டி நாலு நாள் கிளறினோம். ஒரு பகுதி முளைவிட்டு மாட்டுக்குப் போயிற்று. அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருஷம் கடனுக்கு வட்டியை மட்டும் கட்டிவிட்டு வந்து, பேசாமல் பாயை விரித்துப் படுத்தார். திட்டியிருக்கலாம்.

'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றவர்கள், 'கூடினால் சுருட்டிக்கொள்' என்றும் ஒரு வரி சேர்த்திருக்கக் கூடாதோ?

அடுத்த அறுவடைக்கு இரண்டு சின்னத் தார்ப்பாய் வாங்கினேன், கயிறோடு. அப்பா ஒவ்வொரு முடிச்சாக இழுத்துப் பார்த்தார். "பி.காம். இப்பத்தான் பாஸ் பண்ணியிருக்கே" என்றார்.

அன்று ராத்திரியும் காற்று வந்தது. திண்ணையில் கோரைப்பாயை விரித்துக்கொண்டு அப்பா விட்ட குறட்டைதான் அதைவிடப் பலமாக இருந்தது.