சோளக்கதிரும் குடையும்

குழந்தைகளுக்கென்று எடுத்த கார்ட்டூன் படத்தைப் பற்றிக் கிழவிக்கு என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயந்தான். ஆனால் நோயாளியைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லும் தடித்த புத்தகங்களைக் காட்டிலும், ஒன்றரை மணி நேரங்கூட ஓடாத ஒரு ஜப்பானியச் சித்திரப் படம் எனக்கு அதிகம் சொல்லிக் கொடுத்திருக்கிறது.

‘மை நெய்பர் டோட்டோரோ’ என்பது படத்தின் பெயர். ஹயாவோ மியாசாகி எழுதி இயக்கி, 1988-ல் வெளிவந்தது. பேத்தி லீவுக்கு வரும்போதெல்லாம் அதைத்தான் போடச் சொல்லுவாள். பக்கவாதம் வந்து நான்கு வருஷமாக நாற்காலியும் கட்டிலுமாக இருக்கும் என் கணவரும் கூடவே பார்ப்பார்.

கதை சின்னது. 1950-களின் ஜப்பான். ஒரு பேராசிரியர் தம் இரண்டு பெண்களுடன் கிராமத்து வீடொன்றுக்குக் குடிவருகிறார். தாய் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். என்ன நோய் என்று படம் சொல்லுவதில்லை. மியாசாகியின் தாயார் முதுகெலும்பில் காசநோய் கண்டு பல வருஷங்கள் படுத்திருந்தவர். அதை அறிந்தவர்களுக்கு, அந்த ஆஸ்பத்திரிக் கட்டில் எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துக் காட்டில் டோட்டோரோ என்று ஒரு பெரிய வினோதப் பிராணி வசிக்கிறது. மந்திர சக்தி உள்ளது. நம் ஊர்க் கதையாக இருந்தால் ஒரு மூலிகையைக் கொடுத்துத் தாயை எழுப்பி உட்கார வைத்திருக்கும். டோட்டோரோ அப்படி ஒன்றும் செய்வதில்லை. மழையிரவில், தூங்கிவிட்ட தங்கையை முதுகில் சுமந்துகொண்டு, பஸ் நிறுத்தத்தில் அப்பாவுக்காகக் காத்து நிற்கும் மூத்த பெண் சாட்சுகியின் பக்கத்தில் வந்து நிற்கிறது. அவ்வளவுதான். ஆனால் அதற்குப் பிறகு அந்த இருட்டு அவளுக்குப் பழைய இருட்டாக இல்லை.

நோயாளி இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூலிகை கொண்டுவருகிறவர்கள். “அந்த வைத்தியரிடம் காட்டினீர்களா? இந்த எண்ணெயைத் தேய்த்தீர்களா?” அன்பினால்தான் கேட்கிறார்கள்; குறை சொல்லவில்லை. ஆனால் எதிர்வீட்டு அம்மாள் ஒன்றும் கேட்பதில்லை. சாயங்காலம் வந்து, “நான் இவரோடு பேசிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் கோயிலுக்குப் போய்விட்டு வாருங்கள் மாமி” என்பாள். எனக்கு வாய்த்த டோட்டோரோ அவள்தான்.

படத்தில் சாட்சுகியை எல்லோரும் சமர்த்து என்பார்கள். அப்பாவுக்கும் தங்கைக்கும் தனக்கும் காலையில் சாப்பாடு கட்டுகிறாள். தங்கை ‘மே’க்கு நாலு வயது, அவள் அழலாம், அடம் பிடிக்கலாம். சமர்த்துப் பெண் அழக் கூடாதல்லவா? தாய் வீட்டுக்கு வருவது தள்ளிப்போய்விட்டது என்ற செய்தி வந்த அன்று, பக்கத்து வீட்டுப் பாட்டியின் முன்னால் சாட்சுகி குழந்தையாகவே மாறிக் கதறுகிறாள். பாட்டி அவளை அடக்கவில்லை, “நீயே இப்படி அழலாமா?” என்று கேட்கவில்லை. அணைத்துக்கொண்டு தேற்றுகிறாள். பராமரிக்கிறவர்களுக்கு அழ ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நோயாளியின் கட்டிலருகே இருக்க முடியாது. வேறெங்காவதுதான் இருக்க வேண்டும்.

இன்னொரு காட்சி. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த சாட்சுகியின் தலையைத் தாய் கட்டிலில் உட்கார்ந்தபடியே வாரிவிடுகிறாள். நோயாளிதான், ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவள் வாங்கிக்கொள்கிறவள் அல்ல, கொடுக்கிறவள். இதைப் பார்த்த மறுநாள் ஒரு கட்டு முருங்கைக் கீரையை என் கணவர் முன்னால் வைத்தேன். நல்ல கையான இடக் கையால் உருவிக் கொடுத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பாதிக்குப் பாதி காம்பு. அன்று சாப்பிடும்போது, “கீரை எப்படி?” என்று இரண்டு தடவை கேட்டார். வெகு நாளைக்குப் பிறகு எங்கள் வீட்டில் அப்படி ஒரு கேள்வி அவர் வாயிலிருந்து வந்தது.

சின்னவள் ‘மே’ ஒரு சோளக்கதிரை அணைத்துக்கொண்டு, தன்னந்தனியே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு வழி தவறிப் போகிறாள். தோட்டத்துச் சோளம் தின்றால் அம்மாவுக்குக் குணமாகிவிடும் என்று நம்பிக்கை. டோட்டோரோ அழைத்துவிட்ட பூனை-பஸ் அவளைக் கண்டுபிடித்து, அக்காவையும் தங்கையையும் ஆஸ்பத்திரி மரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஜன்னல் விளிம்பில் தாய் அந்தக் கதிரைக் காண்கிறாள். மேல்தோலில் ‘அம்மாவுக்கு’ என்று கீறியிருக்கிறது. சோளத்தினால் குணமாயிற்றா என்று என் பேத்தி கேட்டாள்.

“சோளத்தால் ஆகாது கண்ணு” என்று அவள் தாத்தா குழறிக் குழறிச் சொன்னார்: “ஆனால் கொண்டுவந்தாளே, அதனால் அந்த அம்மாள் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பாள்.”