கடைசியாகச் செருகியவன்

நாநா பல்கலைக்கழகத்தில் பாவித்துவிட்டு எனக்குத் தந்த பழைய மடிகணினியில் இரண்டு யூஎஸ்பி துளைகள் இருந்தன. அதில் ஒன்று பழுதாகிவிட்டது. மிஞ்சியதில் மவுஸைச் செருகினால் வன்தட்டுக்கு இடமில்லை. அதனால் பெருநாள் காசில் நான்கு துளைகள் கொண்ட ஒரு ஹப் வாங்கினேன். ஒரு துளை நான்காகிவிட்டதில் எனக்கு ஒரே சந்தோஷம்.

அந்த வன்தட்டில் கடந்தகால வினாத்தாள்களோடு உம்மம்மாவின் குரலும் இருந்தது. அவர் மௌத்தாவதற்கு முன் சொன்ன கதைகளை நாநா ஒலிப்பதிவு செய்து வைத்திருந்தார். அவற்றுக்கு வேறெங்கும் பிரதி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவற்றை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஹப்பில் மவுஸ், வன்தட்டு, சிறிய மேசை விசிறி மூன்றும் இருந்தன. தம்பி வந்து உம்மாவின் கைப்பேசியை நான்காவது துளையில் செருகினான். சில நொடிகளில் வன்தட்டு 'டிக், டிக்' என்றது. திரையிலிருந்து மறைந்தது. திரும்ப வந்தபோது, அதை ஃபோர்மட் செய்ய வேண்டும் என்றது கணினி. எனக்குக் கைகள் நடுங்கின.

"எல்லாத்தையும் நாசமாக்கிட்டாய்!" என்று கத்தினேன்.

"நான் ஒண்டும் செய்யல்ல ராத்தா. ஓட்டை சும்மாதானே இருந்திச்சு" என்று அழுதுகொண்டே போனான்.

திங்கட்கிழமை பௌதிகவியல் டீச்சரிடம் சொன்னேன். "ஹப் துளைகளைத்தான் கூட்டும் மகள், மின்னோட்டத்தைக் கூட்டாது. நீங்களே கணக்குப் பாருங்கோ" என்றார்.

யூஎஸ்பி 2.0 துளையொன்று 5 வோல்ட்டில் 500 மில்லி அம்பியர் வரை தருவதற்கே அமைக்கப்பட்டது. அதாவது 2.5 வாற்று. ஹப்பில் எத்தனை துளைகள் இருந்தாலும், அத்தனையும் பங்குபோடுவது இந்த ஒன்றைத்தான். என் வன்தட்டின் மோட்டாருக்கே 500 வேண்டும். விசிறியின் அடியில் 200 என்று எழுதியிருந்தது. மவுஸுக்கு 100 என்று வைத்தேன். ஹப்பும் தனக்கென்று கொஞ்சம் எடுக்கும். கூட்டினால் 800ஐத் தாண்டியது. தேவை கூடக்கூட வோல்ட்டளவு குறையும். வன்தட்டின் மோட்டார் ஒழுங்காகச் சுழல முடியாமல் திணறும். அந்த 'டிக்' சத்தம் அதுதான். மவுஸுக்குச் சிறிதளவே போதும் என்பதால் அதன் வெளிச்சம் கடைசிவரை எரிந்தது. அதைப் பார்த்துத்தான் ஹப்பில் ஒரு குறையும் இல்லையென்று நம்பியிருந்தேன்.

கணக்கை முடித்தபோது வெட்கமாக இருந்தது. தம்பி வருவதற்கு முன்பே நான் எல்லையைத் தாண்டியிருந்தேன். கணினி எப்படியோ சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசியாகச் செருகியவன் என்பதற்காகப் பழி முழுவதும் அவன் தலையில் விழுந்தது.

வீட்டுக்கு வந்து ஹப்பைக் கழற்றினேன். பிஸ்மி சொல்லி, வன்தட்டை மட்டும் நேரடியாகச் செருகினேன். அல்ஹம்துலில்லாஹ், திறந்தது! முதல் வேலையாக ஒலிப்பதிவுகளைக் கணினியில் பிரதி எடுத்தேன். உம்மம்மாவின் குரல் கேட்டதும் தம்பி கதவடியில் வந்து நின்றான். "என்னை மன்னிச்சிக்க" என்றேன். ஒன்றும் பேசாமல் பக்கத்தில் வந்து இருந்து கதை கேட்டான்.

அன்றிரவு இன்னொரு கணக்கும் நினைவுக்கு வந்தது. அதே வாரத்தில் உம்மாவிடம் தேநீர் கேட்டதற்கு, "எனக்கு ரெண்டு கைதானே இருக்கு!" என்று ஏசினார். ஒரு தேநீருக்கா இவ்வளவு கோபம் என்று மனம் நொந்தேன். அந்த நேரத்தில் அடுப்பில் கறி கொதித்தது. மறுநாள் கொடுக்க வேண்டிய தையல் பாதியில் கிடந்தது. தம்பி கணிதப் புத்தகத்தோடு நின்றான். வாப்பாவின் அழைப்பு வேறு வந்துகொண்டிருந்தது. நான் கடைசியாக வந்தேன், அவ்வளவுதான்.

இப்போது பிளக்கிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கும் ஹப் ஒன்றை நாநா வாங்கித் தந்திருக்கிறார். கைப்பேசி சுவரிலுள்ள சார்ஜரில். தேநீரை நானே ஊற்றுகிறேன், உம்மாவுக்கும் சேர்த்து.