விட்ட இடத்திலிருந்து

பிறர் படைத்த கதையைத் தம் கற்பனையால் வளர்த்துச் செல்வது நமக்குப் புதிதன்று. காலட்சேபக்காரர் ஒவ்வொருவரும் இராமாயணத்தில் தம் கைச்சரக்கைச் சேர்த்தவர்தாமே! இன்று அது ரசிகர் புனைவு என்னும் பெயரில் இணையத்தில் உலவுகிறது. 1998-இல் தோன்றிய ஃபேன்ஃபிக்‌ஷன்.நெட் முதலிய தளங்களில், ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளும் எழுதுகின்றனர். குப்பையும் மலிந்திருக்கிறது, வார இதழ்களில் மட்டும் இல்லையா என்ன?

தில்லியில் வளரும் எங்கள் மகளுக்கு ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல் வேம்பாய்க் கசந்தது. ஆனால் 2007-இல் வெளிவந்த ஹாரி பாட்டர் வரிசையின் ஏழாம் நூலில் ஓர் இடம் அவளைப் பற்றிக்கொண்டது. பகைவரிடமிருந்து காக்கும்பொருட்டு, ஹெர்மயனி தன் பெற்றோரின் நினைவை மந்திரத்தால் மாற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிவிடுகிறாள். தமக்கு ஒரு மகள் உண்டென்பதே அவர்களுக்குத் தெரியாது. அங்கே அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை நூல் விவரிக்கவில்லை. எங்கள் மகள் விவரிக்கத் தொடங்கினாள். ‘மறந்தார்கள்’, ‘மறந்திருந்தார்கள்’ என்னும் இரண்டுக்கும் உரிய ஆங்கில வினைவடிவங்களை அவள் குழப்பியிருந்தாள். முகமறியா வாசகர் ஒருவர், “இவர்கள் மறந்தது கதை தொடங்கும் முன்பா, பின்பா?” என்று கேட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமர்ந்து திருத்தினாள். மதிப்பெண்ணுக்காக அவள் அவ்வாறு அமர்ந்து நாங்கள் கண்டதில்லை.

இதை வகுப்பறைக்கே கொண்டு சென்றோரும் உண்டு. சுவீடனின் மால்மோ பல்கலைக்கழகத்தில், ஆங்கில ஆசிரியப் பயிற்சி பெறும் மாணவர்கள் டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலில் சொல்லப்படாது விடுபட்ட நிகழ்ச்சிகளைக் குழுக்களாகப் பிரிந்து, ஆளுக்கொரு பாத்திரமாக நின்று எழுதினர். ஷானன் சாரோ, பியோர்ன் சுண்ட்மார்க் என்னும் இருவர் அதைப் பற்றி 2016-இல் கட்டுரை வெளியிட்டனர். மூலநூலைக் கூர்ந்து படிக்காமல் அதன் நடையில் எழுத இயலாதன்றோ?

மகளின் கதையைப் படித்த இரவு எங்களுக்கு உறக்கம் கொள்ளவில்லை. பெற்றோரின் மறதியைப் பற்றி இத்தனை உருக்கமாக எழுதுபவள், தமிழை இன்னும் எழுத்துக்கூட்டியே படிக்கிறாள். அவளிடம் வீட்டில் நாங்கள் தமிழில் கேட்கும் கேள்விக்கு இந்தியில் விடை வரும். இத்தகைய வீடுகள் நம்மில் எத்தனை!

ஆகவே, 1950 முதல் 1954 வரை கல்கி தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னை இரவுதோறும் உரக்கப் படித்தோம். தொடர் முடிந்தபின் வாசகர் தொடுத்த வினாக்களுக்காக ஆசிரியரே முடிவுரை எழுத நேர்ந்த நாவல் அது. கோடிக்கரையில் படகு செலுத்திய பூங்குழலி, உத்தம சோழரின் தேவியாய்த் தஞ்சை அரண்மனைக்குச் சென்றபின் கடலை நினைத்து ஏங்கினாளா என்று மகள் வினவினாள். “நீயே எழுதேன், அம்மா!” என்றோம்.

அரைப்பக்கம் எழுதினாள். லகர, ளகர, ழகரங்கள் இடம் மாறிக் கிடந்தன. அப்படியே கும்பகோணத்திலுள்ள தாத்தாவுக்கு அனுப்பினோம். அவர் ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. “அரண்மனையில் உப்புக்காற்று வீசாதே, அவள் தூங்கினாளா?” என்று மட்டும் கேட்டெழுதினார். இரண்டாம் அத்தியாயம் இன்னும் முடியவில்லை. தாத்தா இருமுறை நினைவூட்டிவிட்டார்.