புத்தளம் கரையில் சில நாட்கள்

தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்காக வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா என்று பல நாடுகளில் படப்பிடிப்பு நடத்தியிருக்கிறேன். வெளிநாடு என்றாலே முதலில் மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டும். இலங்கையின் புத்தளம் மாவட்டத்தில் அந்தச் செலவு மிச்சம்! கடைத்தெருவிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் காதில் விழுவது தமிழ்தான். ஆனால் எல்லாம் நம் தமிழ் என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே பேசுவது 'கதைப்பது', ரொட்டி 'பாண்', வாரம் 'கிழமை'. ஒரு வீட்டில், "இருந்து கதைங்க" என்று அன்போடு சொல்ல, என்ன கதை சொல்வதென்று தெரியாமல் எங்கள் ஒளிப்பதிவாளர் விழித்தார்.

கொழும்பிலிருந்து வடக்கே கடலோரமாகச் சுமார் 130 கிலோமீட்டர் பயணம். நீர்கொழும்பு, சிலாபம், முந்தல், மதுரங்குளி என்று தென்னந்தோப்புகளின் ஊடே சாலை போகிறது. புத்தளம் நகருக்குச் சற்று முன்னால் பாலாவி. அங்கே இடதுபுறம் திரும்பினால் கற்பிட்டித் தீபகற்பம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு என்று அவர்கள் சொல்லும் காயல், நடுவே மணல். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓய்வதே இல்லை. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்கி விளையாட வரும் வெள்ளைக்காரர்களுக்கு அது கொண்டாட்டம். எங்கள் ஒலிப்பதிவாளருக்குத் திண்டாட்டம்! மைக்குக்குக் கம்பளி உறை மாட்டியும், பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் பதிவானது.

இந்தக் கரைக்கு நமக்கு முன்பே ஒரு பயணி வந்து போயிருக்கிறார். மாலத்தீவில் காஜியாக இருந்த இப்னு பதூதா, அங்கிருந்து மஃபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழகக் கரைக்குப் புறப்பட்டபோது, காற்று திசைமாறி 1344-இல் இலங்கையில் வந்து இறங்கினார். அவர் 'பத்தாலா' என்று எழுதிய ஊர் புத்தளமே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆட்சியில் இருந்தவர் ஆரியச் சக்கரவர்த்தி, முஸ்லிம் அல்லர். ஆயினும் பாரசீக மொழி அறிந்த அவர், வந்தவரை மதித்து உபசரித்து, முத்துக்களைக் காட்டி, என்ன வேண்டுமென்று கேட்டிருக்கிறார். ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்றார் இப்னு பதூதா. பல்லக்கும் துணைக்கு ஆட்களும் கொடுத்து அனுப்பி வைத்தார் அரசர். கரையில் கறுவாப் பட்டை மரங்கள் குவிந்து கிடந்ததையும் எழுதி வைத்திருக்கிறார் அந்த மொரோக்கோக்காரர். இன்று அந்தக் கரையில் கறுவாவைக் காணோம். உப்புத்தான் குவிந்து கிடக்கிறது.

கற்பிட்டியில் டச்சுக்காரர்கள் 1667-இல் தொடங்கி 1676-இல் முடித்த கோட்டை இருக்கிறது. டால்பின் பார்க்கப் படகு விடுகிறார்கள். நுரைச்சோலையில் 900 மெகாவாட் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி வெகுதூரத்துக்குத் தெரிகிறது. எல்லாவற்றையும் படம் பிடித்தோம். ஆனால் நாங்கள் போனது இவற்றுக்காக அல்ல.

1990 அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. மொத்தம் 70,000-க்கும் மேற்பட்டோர். மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டி போன்ற ஊர்க்காரர்கள் கடற்கரையில் காத்துக் கிடந்து, படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த மாவட்டத்திலேயே தங்கிப்போனார்கள். தென்னந்தோப்புகளிலும் உப்பளத்தை ஒட்டிய நிலங்களிலும் கிடுகுக் குடிசைகள் எழுந்தன. கிடுகு என்பது நம் தென்னங்கீற்றுதான்.

மன்னாரிலிருந்து பதினேழு வயதில் வந்த ஒரு சகோதரியைச் சந்தித்தோம். இப்போது ஐம்பதைத் தாண்டியவர். பேரப்பிள்ளை எடுத்தாகிவிட்டது. தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு கேமராவின் முன் அமர்ந்தவர், நான் கேள்வியைத் தொடங்குவதற்குள்ளேயே முந்திக்கொண்டார்.

"அழுறதத்தான் எல்லாரும் எடுத்திட்டுப் போறாங்க தம்பி. இந்த ஊர்ப் பொம்பளைகள் எங்களுக்குச் சோறாக்கித் தந்தத ஒருத்தரும் எடுக்கல்ல. நீங்களாவது அத எடுங்க."

அக்டோபர் வந்தால் கேமராக்களும் வந்துவிடுமாம். அதே கேள்வி, அதே கண்ணீர். எங்கள் தொழிலில் கண்ணீருக்கு உள்ள விலை எனக்குத் தெரியும். அந்த ராத்தாவுக்கும் தெரிந்திருந்தது!

அவர் காட்டிய வீட்டுக்குப் போனோம். கற்பிட்டிச் சாலையோரம், கிணற்றடியில் முருங்கை நிற்கும் வீடு. எழுபது வயதைத் தாண்டிய உம்மா ஒருவர். பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் நிறைந்துவிட்டதால் வீடுகளுக்கும் ஆட்களை அழைத்துக்கொண்டார்களாம். அவர் வீட்டில் மட்டும் நான்கு குடும்பங்கள். அரிசி ஊறப்போட அண்டா இல்லாமல், கல்யாண வீட்டுச் சட்டியை இரவல் வாங்கியிருக்கிறார். "ஒரு கிழமைக்கு என்டுதான் நெனச்சம்" என்று சிரித்தார். அந்த ஒரு கிழமைதான் முப்பது வருடங்களைத் தாண்டிவிட்டது.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று எழுதினால் அது பொய்யாகும். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு ஆள் பெருகியதும் கூலி குறைந்தது. கிணற்று நீர் உப்பாக இருக்கும் மண்ணில் ஒரு குடம் நல்ல தண்ணீருக்குப் போட்டி. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. 'அகதி' என்ற சொல் முதலில் இரக்கமாகவும் பிறகு வசையாகவும் ஒலித்திருக்கிறது. உள்ளூர்க்காரர்களிலும் ஏழைகள் இருந்தார்களே! நிவாரண அட்டை அவர்களுக்குக் கிடையாது. இதை அந்த உம்மா மறைக்காமல் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. உலக வங்கி உதவியோடு 2007-இல் தொடங்கிய வீட்டுத் திட்டத்துக்குப் பிறகு குடிசைகள் பல கல்வீடுகளாயின.

2009-இல் போர் முடிந்தது. திரும்பிப் போகலாமே என்று நாம் எளிதாகக் கேட்டுவிடுகிறோம். இருபது வருடம் ஆளில்லாத ஊரில் வீடு நின்ற இடத்தில் காடு நின்றது. முசலிப் பக்கத்தில் திரும்பியவர்கள் காட்டை வெட்டிய பழிக்கு ஆளானார்கள். 2017-இல் அப்பகுதியின் ஒரு பெரும்பரப்பு மாவில்லு என்ற பெயரில் வனமாக அறிவிக்கப்பட்டது. போனவர்களும் உண்டு, வயதானவர்கள் அங்கே, படிக்கும் பிள்ளைகள் இங்கே என்று அடுப்பு இரண்டான குடும்பங்களும் உண்டு. வாக்குச் சீட்டு மன்னாரில், வாழ்க்கை புத்தளத்தில் என்று இருந்தவர்கள் பஸ் பிடித்துப் போய் வாக்களித்தார்கள். 2019 நவம்பர் 16 ஜனாதிபதித் தேர்தல் நாளின் விடியலில் அப்படிப் போன பஸ்களை வழிமறித்துச் சுட்டார்கள், கல்லெறிந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை, அல்ஹம்துலில்லாஹ்.

ராத்தாவின் மகள் பிறந்தது புத்தளத்தில். படித்ததும் கட்டிக்கொடுத்ததும் அங்கேதான், மாப்பிள்ளை கற்பிட்டிக்காரர். "உங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டேன். "மன்னார்" என்றார் சட்டென்று. கையில் இருந்த ஆறு வயதுப் பையனைக் கேட்டால், "கற்பிட்டி" என்கிறான். அடுப்படியில் இருந்த பாட்டிக்கு அது பிடிக்கவில்லை போலும். சட்டியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தார்.

கடைசி நாள் இரு வீட்டுப் பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். மீன் ஆணம், இடியப்பம், பிறகு வட்டிலப்பம். அதைத்தான் படமாக்கினோம். யாரும் அழவில்லை. உப்புப் போதுமா என்று இரண்டு பேரும் வாதாடிக்கொண்டிருந்தார்கள். ஒளிபரப்பியதும் படத்தின் பிரதி ஒன்று அனுப்புகிறேன் என்றேன்.

"முதல்ல அந்த வீட்டு உம்மாக்கு அனுப்புங்க தம்பி" என்றார் ராத்தா. "நான் அங்க போய்ப் பார்த்துக்கொள்றன்."