கொள்ளிடம் போகும் வழியில் இரண்டு நாள்

திட்டக்குடி வட்டத்திலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘நம் மாவட்டத்தில் தேசியப் பூங்கா ஏதாவது இருக்கிறதா? மக்காச்சோளம் அறுத்து முடித்ததும் மாசியில் இரண்டு நாள் ஓய்வு கிடைக்கும். பிள்ளைகளுக்குக் காட்டையும் சிதம்பரம் கோயிலையும் காட்ட வேண்டும். அப்படியே கொள்ளிடம் தண்ணீர் கடலில் வீணாகக் கலக்கும் இடத்தையும் காட்டலாம் என்று எண்ணம். எப்படிப் போய் வருவது?’

தமிழ்நாட்டில் கிண்டி, முதுமலை, முக்குருத்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என்று ஐந்து தேசியப் பூங்காக்கள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் சிதம்பரத்துக்குக் கிழக்கே 15 கிலோமீட்டர் போனால் பிச்சாவரம் இருக்கிறது. அது காப்புக்காடு. உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலம் என்று 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வெள்ளாற்று முகத்துவாரத்துக்கும் கொள்ளிட முகத்துவாரத்துக்கும் நடுவில், 1,400 ஹெக்டேருக்கும் மேல் பரந்த அலையாத்திக் காடும் உப்பங்கழியுமாகக் கிடக்கிறது. காடு பார்க்க இதைவிடப் பக்கத்தில், இதைவிடச் செலவு குறைவாக வேறு இடம் இந்த மாவட்டத்து விவசாயிக்குக் கிடையாது.

கேள்வியில் வரும் ‘வீணாக’ என்ற சொல் மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது. மேட்டூர் நிரம்பும் ஒவ்வொரு வருடமும் எல்லார் வாயிலும் வரும் சொல்தான் அது. அதனால் பயணத்தைத் தண்ணீர் போகும் வழியிலேயே அமைத்துக்கொண்டால் நல்லது. முதல் நாள் கொள்ளிடத்திலிருந்து தண்ணீர் வயலுக்குப் பிரிவதைப் பார்க்கலாம். மிச்சத் தண்ணீர் கடலோரத்தில் என்ன செய்கிறது என்பது இரண்டாம் நாள் தெரியும்.

திட்டக்குடிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் விடியற்காலையில் கிளம்பி, ஜெயங்கொண்டம் வழியாக முதலில் கங்கைகொண்ட சோழபுரம் போகலாம். நடுப்பகலில் கோயில் நடை சாத்திவிடும் என்பதால் காலையிலேயே போய்விடுவது நல்லது. ராஜேந்திர சோழன் கட்டிய கோயிலின் அழகைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. விவசாயி பார்க்க வேண்டியது அதன் பக்கத்தில் இருக்கும் பெரிய ஏரியையும்தான். இன்று பொன்னேரி என்கிறார்கள், அன்று சோழகங்கம். வடக்கே படை நடத்திப் பெற்ற வெற்றிக்கு நினைவாக அந்த அரசன் ஒரு நீர்நிலையையே வைத்தான் என்று செப்பேடு சொல்கிறது.

அங்கிருந்து அணைக்கரை பக்கம்தான். கொள்ளிடம் அங்கே இரண்டாகப் பிரிந்து ஒரு திட்டைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. ஆர்தர் காட்டன் காலத்தில், 1830-களில், குறுக்கே போட்ட கீழணை இங்கேதான் இருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, எந்த மதகு எந்த வாய்க்காலுக்கு என்று பிள்ளைகளோடு பார்க்க அரை மணி நேரம் போதும். வடக்கு ராஜன் வாய்க்கால், தெற்கு ராஜன் வாய்க்கால், வடவாறு எல்லாம் இங்கே தலையெடுப்பவை. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்களின் சம்பா நெல்லுக்கு இந்த மதகுகள்தான் ஆதாரம். மாசியில் ஆற்றில் தண்ணீர் குறைந்து மணல்திட்டுகள் தெரியும். அதுவும் பார்க்க வேண்டியதே.

வடவாறு வழியே வரும் தண்ணீர் வீராணம் ஏரிக்குப் போகிறது. காட்டுமன்னார்கோயில் தாண்டி லால்பேட்டையிலிருந்து ஏரிக்கரையிலேயே வண்டியில் போகலாம். பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் அவன் மகன் ராஜாதித்தன் வெட்டிய ஏரி என்பது வரலாறு. ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு இந்தக் கரை ஆடிப்பெருக்கு நாளில் தெரியும் முதல் காட்சி. இன்றைக்கும் சுமார் 45,000 ஏக்கர் பாசனம் இந்த ஏரியை நம்பி இருக்கிறது. 2004 முதல் சென்னைக்குக் குடிநீரும் இங்கிருந்துதான் குழாயில் போகிறது. பாசனத்துக்கு எவ்வளவு, நகரத்துக்கு எவ்வளவு என்ற பேச்சைக் கரையோர டீக்கடையில் தொடங்கினால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்துவிடும். பார்த்துக்கொள்ள வேண்டும்.

சாயங்காலம் சிதம்பரம் போய்ச் சேர்ந்து, அறை எடுத்துக் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம். ஐந்து மணிக்கு மேல் நடை திறந்திருக்கும். சுற்று பெரிது, அவசரப்படக் கூடாது. கோபுர வாசல்களின் பக்கச் சுவர்களில் 108 கரணங்களின் சிற்பங்கள் வரிசையாக இருக்கின்றன. நடராசர் சந்நிதிக்குப் பக்கத்திலேயே கோவிந்தராசப் பெருமாள் சந்நிதியும் இருப்பதால் சைவர், வைணவர் இரு சாராரும் ஒரே நடையில் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். இங்கே சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் பிரசித்தம். மிளகும் நெய்யும் போட்ட சாதத்தோடு அந்தக் கொத்சுவைச் சாப்பிட்ட வீட்டுக்காரம்மா, ஊருக்குப் போனதும் கொல்லையில் ஒரு பாத்தி கத்தரி அதிகமாகப் போடச் சொன்னால் ஆச்சரியம் இல்லை.

சிதம்பரத்துக்குப் பழைய பெயர் தில்லை. கோயிலின் தல மரமும் தில்லைதான். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் முழுக்கத் தில்லைவனம் என்பார்கள். இப்போது ஊருக்குள் அந்த மரத்தைக் காண்பது அரிது. அதைக் காடாகப் பார்க்க வேண்டும் என்றால் மறுநாள் பிச்சாவரம் போக வேண்டும். ஏனென்றால் தில்லை, உவர் நிலத்து மரம், அலையாத்திக் கூட்டத்தைச் சேர்ந்தது. கோயிலும் காடும் தனித்தனி இடங்கள் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இந்த ஒரு மரத்தைச் சொன்னால் போதும். ஒரு எச்சரிக்கை: தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, தோலில் பட்டால் புண்ணாகும். பிள்ளைகள் கிளையை ஒடிக்கவோ இலையைப் பறிக்கவோ விடக் கூடாது.

இரண்டாம் நாள் காலையில் சீக்கிரம் கிளம்பிவிட வேண்டும். கிள்ளை வழியாகப் பேருந்து உண்டு. வெயில் ஏறிவிட்டால் பறவைகள் அடங்கிவிடும், நமக்கும் தாங்காது. சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்க்க முடிந்தால் தவிர்க்கலாம். படகுத்துறையில் மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் இருக்கின்றன. துடுப்புப் படகையே எடுக்க வேண்டும். மோட்டார் படகு அகலமான கழியோடு திரும்பிவிடும். மரங்கள் இரண்டு பக்கமும் கூரை போட்ட மாதிரி கவிந்த குறுகலான வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். ‘இதயக்கனி’ (1975) படத்தில் எம்.ஜி.ஆர். போன வாய்க்கால் இது என்று படகோட்டி காட்டுவார். எந்த வாய்க்காலுக்குள் போனாலும் காட்டுவார் என்பது வேறு விஷயம்.

சேற்றிலிருந்து ஈட்டி போல ஆயிரக்கணக்கில் மேலே நிற்பவை வெண்கண்டலின் மூச்சு வேர்கள். சேற்றில் காற்றோட்டம் இல்லாததால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. தண்ணீர் தேங்கிய வயலில் பயிர் ஏன் மஞ்சளிக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. பந்தல்கால் ஊன்றிய மாதிரி வளைந்து நிற்கும் முட்டு வேர்கள் சுரபுன்னையுடையவை. அதன் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கி, பிறகுதான் விழும். உப்புச் சேற்றில் விதையாக விழுந்தால் முளைப்பது கடினம் என்பதால் முளைவிட்ட கன்றாகவே விழுகிறது. நாற்றங்காலுக்கு விதையை முளைகட்டித் தெளிக்கிறவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வெண்கண்டலின் இலை உப்பை வெளியே தள்ளும், தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கலாம். இந்த மரத்தின் உப்பு தாங்கும் மரபணுவை நெல்லில் ஏற்றும் ஆராய்ச்சியை எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் செய்திருக்கிறது. அது வயலுக்கு வரும்வரை, உவர் நிலத்துக்காரர்களுக்குத் திருச்சி 1, திருச்சி 3, கோ 43 ரகங்கள்தான் கை கொடுப்பவை.

இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் மக்களை வழியில் பார்க்கலாம். பிடித்த இறாலைப் போடும் பறியைச் சிலர் வாயில் கவ்விக்கொண்டே நகர்வார்கள். அவர்கள் வேலை செய்யும் இடத்தில் படகைத் தள்ளி ஓட்டச் சொல்வது மரியாதை. பல வகை இறாலும் மீனும் குஞ்சுப் பருவத்தில் வளர்வது இந்தக் கழியில்தான். ஆற்றின் நல்ல தண்ணீரும் கடலின் உப்புத் தண்ணீரும் கலந்தால்தான் அது நடக்கும்.

இந்தக் காடு ஒரு காலத்தில் பெரும் பகுதி பட்டுப்போயிருந்தது. சுதந்திரத்துக்கு முன்பிருந்தே, 1970-கள் வரை, பகுதி பகுதியாக மொத்தமாக மரம் வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் தானாகவே மறுபடி வளரும் என்று நம்பினார்கள், வளரவில்லை. நிழல் போனதும் சேறு காய்ந்தது, நிலம் தட்டு போலக் குழிந்தது. ஓதத்தில் ஏறிய கடல் தண்ணீர் அந்தக் குழியில் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போனது. உப்பு தாங்கும் மரமே தாங்க முடியாத அளவுக்கு ஏறியது. மாடும் ஆடும் மேய்ந்ததால் காடு அழிந்தது என்று நெடுநாள் பழி சொல்லிவந்தார்கள். 1990-களில் சுவாமிநாதன் நிறுவனம் ஆராய்ந்து, காரணம் தண்ணீர் தேங்கியதுதான் என்று கண்டது. வனத்துறையோடும் கிராம மக்களோடும் சேர்ந்து வாய்க்கால் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், இரண்டு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மீன் முள் மாதிரி. ஓதம் தினமும் ஏறி இறங்கி உப்பைக் கழுவிக்கொண்டு போனது. வாய்க்கால் ஓரம் நட்ட கன்று பிடித்துக்கொண்டது. களர் உவர் நிலத்தைச் சீர்திருத்த முதலில் வடிகால் எடுங்கள், பிறகு மற்றதைப் பார்க்கலாம் என்று வேளாண்மைத் துறை சொல்வதும் இதே பாடம்தான். சொன்னால் கேட்காதவர்கள் வந்து பார்த்தால் நம்புவார்கள்.

வடிகால் வெட்டினாலும் மேலிருந்து நல்ல தண்ணீர் வர வேண்டும். கொள்ளிடத்திலிருந்தும், வாய்க்கால் வடிகால்கள் வழியாகவும் வருவதுதான் அது. வருடத்தில் சில நாள் பெருவெள்ளமாக வந்து, பிறகு மாதக்கணக்கில் சொட்டும் வராமல் இருப்பதால் கழியில் உப்பு கூடியிருக்கிறது. இன்று இங்கே மிகுதியாக இருப்பது உப்பை நன்றாகத் தாங்கும் வெண்கண்டல். அவ்வளவு தாங்காத மரங்கள் குறைந்துவிட்டன. இதே உப்பு ஆற்றுக்குள்ளும் ஏறுகிறது. கொள்ளிடக் கரையோரம் கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப் போன ஊர்க்காரர்களிடம் கேட்டால் தெரியும். ஆற்றில் நல்ல தண்ணீர் கீழே தள்ளாத காலத்தில் கடல் மேலே தள்ளுகிறது. வெள்ளக் காலத்தில் தண்ணீரைத் தேக்கக் கதவணை கட்ட வேண்டும் என்பதும், கொஞ்சம் தண்ணீர் கடைசிவரை போக வேண்டும் என்பதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்தது. கடலை ஒட்டி, காட்டுக்கு முன்னால் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு போன்ற இடங்களில் இழப்பு பெரிது. கடலிலிருந்து உள்ள தூரமும் மேடும் காப்பாற்றியதற்குக் காரணம் என்று சொல்லும் ஆய்வாளர்களும் உண்டு, அதையும் ஒதுக்க முடியாது. ஊர் மக்களுக்கு அந்தச் சந்தேகம் இல்லை, காடுதான் காப்பாற்றியது என்கிறார்கள்.

பதினொரு மணிக்குள் படகு முடிந்துவிடும். திரும்பும் வழியில் நேரம் இருந்தால் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. உள்ளே பார்க்க முன் அனுமதி கேட்டுக்கொள்ள வேண்டும். 1781-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயரும் மோதிய ஊரும் இதுதான், ஆனால் இன்று கண்ணுக்குத் தெரிவது மீன் ஏலமும் வலையும்தான். கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் கோயிலும், சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையும் போதும். அங்கே அலை இழுக்கும், பிள்ளைகளை முழங்காலுக்கு மேல் இறங்க விடக் கூடாது. கரும்பு போடுகிறவர்கள் வேலை நாளில் வந்தால் கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தை எட்டிப் பார்க்கலாம். கோ.க. 671 என்ற ரகம் அங்கிருந்து போனதுதான்.

வீடு திரும்ப வடலூர் வழி. வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் எந்த நேரம் போனாலும் சாப்பாடு உண்டு, யார் என்று கேட்பதில்லை. அதற்கு நிலம் கொடுத்தவர்கள் பார்வதிபுரத்து விவசாயிகள், 80 காணி.

டெல்டாப் பக்கத்து வாசகர்களுக்கும் மாசி சரியான மாதம். சம்பா அறுத்திருக்கும், தெளித்த உளுந்து வயலில் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் பறவை அதிகம் வரும், ஆனால் புயல் எச்சரிக்கை வந்தால் படகு நிறுத்திவிடுவார்கள், முதல் நாளே கேட்டுக்கொள்ள வேண்டும். தொப்பி, குடிதண்ணீர், பாட்டிக்கு ஒரு குடை. ஒரு நாள்தான் ஒழியும் என்றால் கடலூரை விட்டுவிடலாம், வீராணத்தையும் விடலாம். காலைப் படகை மட்டும் விட வேண்டாம்.