கட்டடம் இல்லாமல் தொடங்கிய பள்ளி

லெ ஷம்போன்-சூர்-லிஞோன், பிரான்ஸ்

அன்புள்ள கிரேஸ் டீச்சருக்கு,

பள்ளி நூற்றாண்டு மலருக்குப் பழைய மாணவர் பட்டியல் தயாரிப்பதாகவும், கலெக்டர் ஆனவர் யார், டாக்டர் ஆனவர் யார் என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நான் இப்போது இருக்கும் ஊரிலும் ஒரு பள்ளி இருந்தது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த இரண்டு போதகர்கள் அரசாங்கத்தை நம்பாமல் தொடங்கிய உயர்நிலைப்பள்ளி. பெயர் கொலேஜ் செவெனோல். அதைப் பற்றி உங்களுக்கு எழுதாமல் இந்த ஊரைவிட்டுக் கிளம்ப மனம் வரவில்லை.

செயின்ட் எத்தியென் நகரிலிருந்து மலைப்பாதையில் ஏறி வந்தால், ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி. எங்கு திரும்பினாலும் பைன் மரங்கள். வீடுகள் எல்லாம் கருங்கல். பழைய பண்ணை வீடுகளுக்குக் கூரையும் கற்பலகைதான். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பனியை வாரிக்கொண்டு வரும் காற்றைப் பற்றி ஊர்க்காரர்கள் இப்போதும் பயத்தோடுதான் பேசுகிறார்கள். கத்தோலிக்க நாடான பிரான்ஸில் இந்தப் பீடபூமி பல தலைமுறைகளாகச் சீர்திருத்தச் சபையினரின் இடம். 1685-இல் பதினான்காம் லூயி மன்னன் அவர்களுடைய வழிபாட்டுரிமையைப் பறித்தபின், நூறு ஆண்டுகள் காட்டிலும் களத்துமேட்டிலும் ஒளிந்து ஆராதனை நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். அரசாங்கம் ஒன்று சொன்னால் அது சரியா என்று வேதத்தைப் பார்த்து யோசிக்கிற பழக்கம் அப்போதே வந்துவிட்டது.

1934-இல் ஆந்த்ரே த்ரோக்மே இங்கே போதகராக வந்தார். போர் கூடாது என்று வெளிப்படையாகப் பேசியதால் சபைத் தலைமைக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் இல்லை. வந்து பார்த்தால், கோடையில் மட்டும் சுற்றுலாக்காரர்களால் உயிர் பெற்று மற்ற மாதங்களில் தூங்கும் ஊர். குடியானவர் வீட்டுப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், பல்கலைக்கழக நுழைவுக்கான பக்கலோரெயா தேர்வுக்குப் படிக்க உள்ளூரில் வழி கிடையாது. வெளியூருக்குத்தான் போக வேண்டும். தன்னோடு படித்த எதுவார் தெய்ஸ் என்ற போதகரை அழைத்துக்கொண்டு 1938-இல் பள்ளியைத் தொடங்கினார். தெய்ஸ் மடகாஸ்கரிலும் கேமரூனிலும் பணியாற்றிவிட்டு வந்தவர், எட்டுப் பெண்பிள்ளைகளுக்குத் தகப்பன். அவரே தலைமை ஆசிரியர். அவர் மனைவி மில்ட்ரெட் ஆங்கிலம் கற்பித்தார். த்ரோக்மேயின் மனைவி மக்தா இத்தாலி தேசத்துப் பெண் என்பதால் இத்தாலிய மொழி வகுப்பு அவருக்கு. முதல் ஆண்டில் 18 மாணவர்கள்.

கட்டடம் ஒன்றுகூட இல்லை, டீச்சர். ஆலயத்தை ஒட்டிய அறையில் ஒரு வகுப்பு, விடுதியின் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு வகுப்பு, காலியாகக் கிடந்த வாடகை வீட்டில் இன்னொன்று. மணி அடித்தால் பிள்ளைகள் பனியில் ஊரைக் குறுக்கே கடந்து அடுத்த வகுப்புக்கு ஓட வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தார்கள், அந்தக் காலத்து பிரான்ஸில் அது அரிது. பிள்ளைகளைக் காவல் காத்து அடக்குவதில்லை, அவர்களை நம்பி நடத்துவது என்பது நிர்வாகம் எடுத்த முடிவு. போர் மூண்டதும், யூதர் என்பதற்காக வேலை பறிபோன ஆசிரியர்கள் இங்கே கற்பிக்க வந்தார்கள், அகதிப் பிள்ளைகள் கற்க வந்தார்கள். போர் முடிவதற்குள் மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 350.

அரசுச் சம்பளம் வாங்காத பள்ளியாக இருந்ததன் அருமை 1940-க்குப் பிறகுதான் தெரிந்தது. பிரான்ஸ் தோற்று, மார்ஷல் பெத்தேனின் விஷி அரசு வந்ததும், பள்ளிதோறும் காலையில் கொடியேற்றி வணக்கம் செலுத்த வேண்டும் என்று உத்தரவு. த்ரோக்மேயும் தெய்ஸும் மறுத்தார்கள். கடைசியில் எதிரே இருந்த அரசுப் பள்ளி முற்றத்தில் கொடி ஏறும், விருப்பமுள்ள செவெனோல் பிள்ளைகள் இந்தப் பக்கம் நின்று வணங்கலாம் என்று ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆரம்பத்தில் சிலர் நின்றார்கள். நாளாக ஆக ஒருவரும் வரவில்லை. அடுத்து, பெத்தேனுக்கு நிபந்தனையின்றி விசுவாசமாக இருப்பதாக ஆசிரியர்கள் கையெழுத்திட வேண்டும் என்றார்கள். அதற்கும் இல்லை என்றே பதில் போயிற்று.

இனி சொல்லப்போவதுதான் நான் கடிதம் எழுத உட்கார்ந்ததன் காரணம்.

1942 ஜூலையில் பாரிஸில் பிரெஞ்சுப் போலீஸே ஆயிரக்கணக்கான யூதக் குடும்பங்களைப் பிடித்து ஒரு சைக்கிள் பந்தய அரங்கில் அடைத்தது. அடுத்த மாதமே விஷி அரசின் இளைஞர் துறைப் பொறுப்பாளர் ஜார்ஜ் லாமிரான் பெரிய சீருடைப் பரிவாரத்தோடு இந்த ஊருக்கு வந்தார். தடபுடலான வரவேற்பை எதிர்பார்த்திருப்பார். கிடைத்தது எளிய சாப்பாடும் ஓர் ஆராதனையும். அது முடிந்ததும் செவெனோல் பள்ளியின் மூத்த மாணவர்கள் முன்னால் வந்து அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பாரிஸில் நடந்ததை அறிந்தோம் என்றும், எங்களிடையேயும் யூத நண்பர்கள் இருக்கிறார்கள் என்றும், நாங்கள் யூதர் கிறிஸ்தவர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை என்றும் எழுதியிருந்தார்கள். அவர்களை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால், கீழ்ப்படியாமல் இருக்கச் சொல்வோம், எங்களால் முடிந்தவரை ஒளித்துவைப்போம் என்பது அதன் சாரம்.

பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். ஒளித்துவைக்கிறவர்கள் வழக்கமாக அதை வெளியே சொல்ல மாட்டார்கள். இவர்கள் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் துணிச்சலை இங்கே வந்து, அந்தத் தெருவிலேயே நின்று நினைத்துப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ஓரிரு வாரத்தில் போலீஸ் பேருந்துகளோடு வந்தது. யூதர்களின் பெயர்ப்பட்டியல் கேட்டார்கள். த்ரோக்மே கொடுக்கவில்லை. பிள்ளைகள் ஏற்கெனவே காட்டிலும் பண்ணை வீடுகளிலும் பதுங்கிவிட்டார்கள். வாரக்கணக்கில் தேடிய பிறகும் பேருந்துகள் ஏறக்குறைய வெறுமையாகவே திரும்பின. பிடித்துப் பேருந்தில் உட்கார வைத்திருந்த ஒருவருக்குப் போதகரின் மகன் தன்னிடமிருந்த சாக்லேட் துண்டைக் கொடுத்தான். அவனைப் பார்த்து ஊர்க்காரர்களும் ஆளுக்கு ஒன்றாகக் கொண்டுவந்து கொடுத்தார்களாம்.

1943 பிப்ரவரியில் த்ரோக்மேயையும் தெய்ஸையும் கைது செய்தார்கள். கைது செய்ய வந்த போலீஸ்காரர்களையும் மக்தா இராச்சாப்பாட்டுக்கு உட்காரச் சொன்னார். வாசலில் வரிசையாக வந்த ஊரார் கையில் மெழுகுவர்த்தியும், பஞ்ச காலத்திலும் எடுத்துவைத்திருந்த மத்தி மீன் டப்பாவும். சில வாரம் கழித்து, அவர்களை அடைத்திருந்த முகாமில், பெத்தேனுக்குக் கீழ்ப்படிவதாகக் கையெழுத்திட்டால் விடுதலை என்றார்கள். இருவரும் மறுத்துவிட்டுக் கொட்டடிக்கே திரும்பினார்கள். மறுநாள் கையெழுத்து இல்லாமலே விட்டுவிட்டார்கள். த்ரோக்மேயின் உறவினர் தானியேல் த்ரோக்மேக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. மாணவர் விடுதி ஒன்றைப் பார்த்துக்கொண்டவர் அவர். 1943 ஜூனில் ஜெர்மானியர்கள் விடுதிக்குள் புகுந்தபோது தன் மாணவர்களை விட்டு நகரவில்லை. அடுத்த ஏப்ரலில் மய்தானெக் முகாமில் இறந்தார்.

பழைய மாணவர்களில் பேர் பெற்றவர் யார் என்று நீங்கள் கேட்பீர்கள். முதலில் அலெக்சாந்தர் கிரோத்தெண்டீக். கடந்த நூற்றாண்டின் மிகப்பெரிய கணித மேதைகளில் ஒருவர். தகப்பன் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டார், தாய் முகாமில் அடைபட்டிருந்தார். பையன் இங்கே சுவிஸ் உதவி அமைப்பு நடத்திய ‘லா கெஸ்பி’ இல்லத்தில் தங்கி இந்தப் பள்ளியில் படித்தான். சோதனை வருகிறது என்று தகவல் கிடைத்தால் இரவோடு இரவாகக் காட்டுக்குள் போய்விடுவார்கள். 1966-இல் கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தபோது அதை வாங்க மாஸ்கோவுக்குப் போக மறுத்தார். 1970-இல், தான் வேலை பார்த்த ஆய்வு நிறுவனத்துக்கு இராணுவப் பணம் வருகிறது என்று சொல்லி அதைவிட்டே வெளியேறினார். கணிதம் அவருக்கு எங்கிருந்து வந்ததோ, அந்த மறுப்பில் இந்த ஊரின் கைரேகை இருக்கிறது என்றே நான் நம்புகிறேன்.

போருக்குப் பின் படித்த தெல்ஃபின் செய்ரிக் பெரிய நடிகை ஆனார். கருக்கலைப்பு தண்டனைக்குரிய குற்றமாக இருந்த 1971-இல், தாங்களும் அதைச் செய்துகொண்டதாக 343 பெண்கள் வெளியிட்ட அறிக்கையில் அவர் கையெழுத்தும் உண்டு. ஆசிரியர்களில் பால் ரிக்கேரைச் சொல்ல வேண்டும். ஜெர்மன் போர்க்கைதி முகாமிலிருந்து திரும்பி 1945 முதல் 1948 வரை இங்கே தத்துவம் கற்பித்தார். முகாமில் தொடங்கிய, தத்துவவாதி ஹுஸ்ஸெர்லின் நூல் மொழிபெயர்ப்பை இங்கேதான் முடித்தார்.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எழுதக் கை ஓடவில்லை. போருக்குப் பின் வெளிநாட்டு நன்கொடையாலும், பல தேசத்து இளைஞர்களின் உடலுழைப்பாலும் ஊருக்கு வெளியே சொந்த வளாகம் எழுந்தது. பிந்தைய ஆண்டுகளில் பணமுடை விடவில்லை. 2011-இல் மாணவி ஒருத்தி சக மாணவனால் கொல்லப்பட்டாள். பெற்றோர்களின் நம்பிக்கை தகர்ந்தது, சேர்க்கை குறைந்தது. 2014-இல் பள்ளி மூடப்பட்டது. அடைக்கலம் பெற்ற யூதர்கள் 1979-இல் பதித்த நன்றிப் பலகை ஆலயத்துக்கு எதிரே இருக்கிறது, 2013-இல் திறந்த நினைவகமும் இருக்கிறது. 1990-இல் இஸ்ரேலின் யாத் வஷெம் நினைவு நிறுவனம் ஊர் முழுவதையும் கௌரவித்தது. இவ்வளவு செய்தவர்கள் அந்தப் பள்ளியையும் எப்பாடு பட்டாவது காப்பாற்றியிருக்க வேண்டும்.

உங்கள் மலருக்கு வருகிறேன். கலெக்டரும் டாக்டரும் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புயல் வந்த வருஷம் யாரையும் கேட்காமல் வகுப்பறைகளைத் திறந்துவிட்டுச் சேரி சனங்களைப் படுக்க வைத்த வாட்ச்மேனைப் பற்றி ஒருமுறை சொன்னீர்கள். அன்று அவரோடு அரிசி சுமந்த பத்தாம் வகுப்புப் பையன்கள் யார் யார் என்று விசாரித்து எழுதுங்கள். அவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல் இருக்கும். தாமதிக்க வேண்டாம். நான் ஊருக்கு வந்ததும் உங்களோடு சேர்ந்து வீடு வீடாக வரத் தயார்.

அன்புடன்,
உங்கள் சாந்தி