ஆட்டம் கண்ட பின்

வண்டிக்கும் அதன் பின்பக்கத்துக் கைக்கும் நடுவே கடப்பாரையைச் செருகி ஒரு நெம்பு நெம்பினார் மெக்கானிக். ‘டொக்’ என்றது. இன்னொரு நெம்பு, இன்னொரு ‘டொக்’. “கேட்டுச்சுங்களா? இதுதானுங்க வியாதி” என்றார். என் கண்ணுக்கு எதுவும் அசைந்ததாகத் தெரியவில்லை. காதுக்குத்தான் தெரிந்தது.

நாமக்கல் ஊரெல்லையில் இருக்கிறது அந்தப் பட்டறை. லாரிகளுக்கு பாடி கட்டுவதில் பேர்போன ஊர் நாமக்கல். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பக்கத்துத் திருச்செங்கோடு. இரும்போடு புழங்கிய கைகளுக்கு இந்த வட்டாரத்தில் பஞ்சமில்லை. அதனாலேயே பழைய ஜேசிபிகளும் வைத்தியத்துக்கு இங்கே வந்து நிற்கின்றன. நான் போன அன்று மூன்று நின்றன. இரண்டு வண்டிகளின் முதலாளிகள் போனில் மட்டும் விசாரித்தார்கள். மூன்றாவது வண்டிக்காரர் அதை ஓட்டிக்கொண்டே வந்து, அதன் நிழலிலேயே உட்கார்ந்திருந்தார். முதலாளியும் அவரே, ஆபரேட்டரும் அவரே.

பெயர் விஷயத்தில் நம் ஊரில் ஒரு வேடிக்கை உண்டு. மண் தோண்டும் மஞ்சள் வண்டி எதுவானாலும் ஒருவருக்கு அது ஜேசிபி. இன்னொருவருக்கு, குறிப்பாகச் செய்தித்தாள்காரர்களுக்கு, பொக்லைன். இரண்டுமே கம்பெனிப் பெயர்கள். பொக்லைன் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி. உடம்பு முழுதாகச் சுற்றித் தோண்டும் எந்திரத்துக்குப் புகழ்பெற்றது. ஜேசிபி என்பது ஜோசப் சிரில் பாம்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயரின் பெயர்ச் சுருக்கம். 1945-இல் ஒரு வாடகைக் கொட்டகையில், போரில் மிஞ்சிய இரும்பை வைத்து விவசாய டிரெய்லர் செய்து, 45 பவுண்டுக்கு விற்றுத் தொழிலைத் தொடங்கியவர் அவர். டிராக்டரின் முன்னால் மண் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையுமாக அவர் கம்பெனி வண்டி விட்டது 1953-இல். இந்தியாவுக்கு அது 1979-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து வந்தது. ஆலை ஹரியானாவின் பல்லப்கரில்.

பட்டறையில் நின்ற அந்த மூன்றாவது வண்டி, கூட்டுக் காலத்துச் சாயலை இன்னும் விடாத பழைய 3டி மாடல். ஏழரை டன் எடை. இன்ஜின் கிர்லோஸ்கர். பம்ப்செட்டிலும் ஜெனரேட்டரிலும் பார்த்துப் பழகிய பெயர் என்பதால், இன்ஜினைப் பற்றி வண்டிக்காரருக்குக் கவலையே இல்லை. “அதுக்கு எந்த ஊர்லயும் ஆள் இருக்குதுங்க. சாமானும் கிடைக்கும். இந்தப் பின்னுதான் நம்மளக் கொல்லுது.”

பின் என்பது மணிக்கட்டுப் பருமனுள்ள ஓர் இரும்பு உருளை. அது உட்கார்ந்து சுழலும் வளையம் புஷ். பக்கெட், கை, பூம் என்று வண்டியின் ஒவ்வொரு மூட்டிலும் இந்த ஜோடி உண்டு. எல்லாவற்றுக்கும் மூத்தது கிங் போஸ்ட். பின்பக்கத்துக் கை மொத்தமும் இடமும் வலமும் திரும்புவது அதை நம்பித்தான். கிங் போஸ்ட் பின்னில் ஓரிரு மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும். ஐந்து மீட்டர் தள்ளியிருக்கும் பக்கெட் பல்லில் அது அங்குலக் கணக்கில் ஆடும். மண்ணைச் சீவி மட்டம் பார்க்கச் சொன்னால் கைநடுக்கக்காரர் போட்ட கோடு மாதிரி வரும். வீட்டுச் சுவரை ஒட்டிக் கழிவுநீர்க் குழாய்க்குப் பள்ளம் எடுக்கிற வேலையை அப்படிப்பட்ட வண்டிக்கு யாரும் கொடுக்க மாட்டார்கள்.

தேய்வது ஏன்? கிரீஸ் அடிக்காததால். பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மூட்டிலும் உள்ள நிப்பிள் என்ற சிறு முனையில் கிரீஸ் கன்னை வைத்து, பழைய கிரீஸ் கறுப்பாகப் பிதுங்கி வெளியே வரும்வரை அடிக்க வேண்டும். கண்ணுக்கு நேராக இருக்கும் நிப்பிள்களுக்கு எல்லோரும் அடிக்கிறார்கள். சேற்றில் புதைந்து, குனிந்து தேட வேண்டிய கீழ் நிப்பிளைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த வண்டியிலும் போனது அதுவேதான். வண்டிக்காரர் மறுக்கவில்லை. “போன மழையில ஏரி வேலைங்க, பொழுதன்னைக்கும் ஓட்டம். விட்டுப்போச்சு.” மெக்கானிக் அவரைத் திட்டவும் இல்லை. “தம்பி, ஒரு டப்பா கிரீஸ் என்ன வெல, இது என்ன வெல?” என்று மட்டும் கேட்டார்.

கிங் போஸ்ட் பின்னைக் கழற்றியபோது அது இருந்த துளையை டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார்கள். வட்டமாக இருந்திருக்க வேண்டிய துளை முட்டை வடிவத்துக்குப் போயிருந்தது. இந்த நிலையில் புதுப் புஷ் அடித்தாலும் நிற்காது. துளையின் உள்சுவரில் சுற்றிச்சுற்றி வெல்டிங் வைத்து மேடாக்கி, மறுபடி வட்டமாகக் கடைய வேண்டும். ஏழரை டன்னை லேத்தில் ஏற்ற முடியாது. எனவே லேத்தே வண்டிக்கு வருகிறது. லைன் போரிங் என்கிறார்கள். மேல் துளை, கீழ்த் துளை இரண்டுக்கும் ஊடாக ஒரு நீளமான கம்பியைச் செலுத்தி, மோட்டாரைக் கோத்து, கம்பியில் பொருத்திய சிறிய வெட்டுக்கத்தியைச் சுழலவிடுகிறார்கள்.

அந்த வேலையைச் செய்த இளைஞர் மூன்று மணி நேரத்தில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். ஒவ்வொரு சுற்றுக்கும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சீவினார். சுருள்சுருளாக நீல நிறத்தில் இரும்பு உதிர்ந்தது. வெட்டும் சத்தம் கரகரப்பிலிருந்து சீரான ரீங்காரமாக மாறியதும் நிறுத்தி அளந்தார். மறுபடி ஓடவிட்டார். மறுபடி அளந்தார்.

புதுப் புஷ் எங்கே என்று கேட்டேன். பக்கத்துக் கடை ஐஸ்கிரீம் பெட்டியில் இருக்கிறது என்றார்கள். கேலி என்று நினைத்தேன், கேலி இல்லை. முந்தின இரவே உள்ளே வைத்திருக்கிறார்கள். குளிரில் இரும்பு சுருங்குமே! அறுபது மில்லிமீட்டர் புஷ் ஒன்று அந்தக் குளிரில் தலைமுடியில் பாதிப் பருமன் அளவுக்குத்தான் சுருங்கும். அது போதும். துணியில் சுற்றி ஓடி வந்து, துளையில் வைத்து நாலு தட்டுத் தட்டினார்கள், உட்கார்ந்தது. வெயிலில் சூடேறியதும் விரிந்து இறுகிக்கொண்டது. இனி அதைப் பெயர்க்க ஜாக்கி வேண்டும்.

அடுத்து ஹைட்ராலிக் ஹோஸ். எங்கோ எண்ணெய் கசிகிறது, இடம் தெரியவில்லை. பட்டறைக்குப் புதிதாய் வந்த பையன் ஹோஸைக் கையால் தடவப் போனான். மெக்கானிக் போட்ட அதட்டலில் நானும் ஓரடி பின்வாங்கினேன். உள்ளே எண்ணெயின் அழுத்தம் 250 பார் வரை ஏறும். கார் டயர் காற்றைப் போல நூறு மடங்குக்கும் மேல். ஊசித்துளை வழியாகப் பீய்ச்சினால் கையுறையோடு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும். ஆனால் உடனே அறுவை சிகிச்சைக்குப் போகாவிட்டால் விரலோ கையோ போய்விடலாம். அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைத் தேட வேண்டும். பையன் அட்டையை எடுத்து வந்தான். ஈரம் பட்ட இடத்தில் கண்டுபிடித்தார்கள்.

இத்தனை பாடுபட்டு ஏன் இந்தப் பழைய வண்டி? வண்டிக்காரர் விரல்விட்டுக் கணக்குச் சொன்னார். வாடகை மணிக்கு ஆயிரத்துச் சொச்சம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு டீசலுக்கே போகிறது. புது வண்டி முப்பது லட்சத்துக்கு மேல்; டியூ மாதம் அறுபது, எழுபதாயிரம். மழை பெய்து வேலை நின்றாலும் டியூ நிற்காது. இது டியூ முடிந்த வண்டி. வேலை இல்லாத மாதம் வேப்பமரத்தடியில் சும்மா நிற்கலாம். யாரும் வந்து கேட்க மாட்டார்கள். இன்னொன்றும் சொன்னார். 2021 ஏப்ரலில் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பிறகு புது வண்டிகளில் சென்சாரும் கணினியும் கூடிவிட்டன. கோளாறு என்றால் லேப்டாப்போடு ஆள் வர வேண்டும். இதற்கு ஸ்பேனர் போதும்.

அவர் சொல்வது முழு உண்மை இல்லை. பழைய வண்டி புகை அதிகம் விடுகிறது, டீசல் அதிகம் குடிக்கிறது. பட்டறையில் நிற்கிற நாட்களின் வருமான இழப்பை அவர் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஆனாலும் கடன்காரன் வாசலுக்கு வராத நிம்மதியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் பெயிண்டைப் பார்த்து ஏமாறுவதுதான் மெக்கானிக்கின் பெரிய வருத்தம். அவர் சொன்ன வழி இது: காலையில், இன்ஜின் சூடாவதற்கு முன் போய் நில்லுங்கள், முதல் ஸ்டார்ட் எப்படி எடுக்கிறது, என்ன நிறத்தில் புகை வருகிறது என்று பாருங்கள். முன் பக்கெட்டைத் தூக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட்டு, தள்ளி நின்று டீ குடியுங்கள். டீ முடிவதற்குள் பக்கெட் கண்ணுக்குத் தெரியக் கீழே இறங்கியிருந்தால் சிலிண்டர் சீலோ வால்வோ போயிருக்கிறது. ஹவர் மீட்டரை நம்பாதீர்கள். கடப்பாரையை நீங்களே கொண்டு போங்கள்.

மாலை ஐந்தரைக்கு வண்டி கிளம்பியது. அதன் ஹவர் மீட்டர் நின்றுபோய் நெடுநாள் ஆகிறது. வாடகைக்கு செல்போனில் மணி பார்த்துக்கொள்கிறார்.